அத்தாயிக்கு வந்த குரல்

அத்தாயி செத்துக் கருமாதி முடிந்த அடுத்த வாரமே டிவியில் வந்தாள். சும்மா வரவில்லை. சாமைக் கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு, "பாரம்பரியச் சிறுதானியங்களே எமது வாழ்வாதாரத்தின் அச்சாணி" என்று சொன்னாள். உயிரோடு இருந்தவரைக்கும் அவள் வாயில் அச்சாணி என்ற சொல் வந்ததே இல்லை. மலைமேல் வாழவந்தி நாட்டில் அவர்கள் ஊர் இருக்கிற சரிவில் வண்டி கட்டவே முடியாது, அப்புறம் அச்சாணிக்கு எங்கே போவாள்.

அவள் புருஷன் அர்த்தனாரி சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் அவளுடையதுதான். மூக்குத்தி அவளுடையதுதான். குரல் மட்டும் வேறு எவளுடையதோ.

விஷயம் இதுதான். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில், நெடுஞ்சாலை ஓரத்தில், வளர்கல்வித் தொலைக்காட்சி நிலையம் என்று ஒன்று இருக்கிறது. மக்களுக்கு அறிவூட்டுவதற்காக அரசாங்கம் நடத்துவது. சில வருஷங்களுக்கு முன் அவர்கள் ஜீப்பில் மலையேறி வந்து 'மலைமகளிரின் மாண்பு' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். சாமை அறுவடையைக் காட்டவேண்டும் என்றார்கள். அறுவடை முடிந்துவிட்டதே என்றார் அர்த்தனாரி. அதனால் என்ன என்று, களத்தில் கிடந்த கதிர்க் கட்டுகளைத் திரும்பச் சாமைக்காட்டுக்குத் தூக்கிப்போய், குச்சி ஊன்றி, குச்சியில் கதிரைக் கட்டி நிறுத்தி, அத்தாயிக்கு யாரோ கொண்டுவந்த புதுச்சேலையைக் கட்டிவிட்டு, அறுக்கச் சொன்னார்கள். அவளும் அறுத்தாள். அர்த்தனாரியின் தோளில் கிடந்த துண்டின் நிறம் ஏதோ ஒரு கட்சியின் கொடியில் இருப்பதாகத் தயாரிப்பாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆகவே அவரைக் கேமராவுக்குப் பின்னால், பலாமரத்தடியில் நிற்கவைத்தார்கள். அத்தாயி நெடுநேரம் பேசினாள். பேசப் பேச, "அருமை, அருமை" என்றார்கள்.

படம் வந்தபோது அவள் வாயைத் திறந்ததும் அரைச் சொல் கேட்டது. அதற்குமேல் நிலையத்தில் குரல் கொடுக்கிற அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். அது நிலையத்தின் வழக்கம். கிராமத்து ஆள் வாயைத் திறந்தால் குரலைத் தணித்துவிட்டு, மேலே நல்ல தமிழில் பேசிவிடுவார்கள். அத்தாயி அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆருங்க அவ, என்ற வாய்க்குள்ள பூந்துக்கிட்டு?"

அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

நிலையத்தில் நேரம் அதிகம், நிகழ்ச்சி குறைவு. மந்திரி பேச்சைச் சீக்கிரம் முடித்துவிட்டால் 'மலைமகளிரின் மாண்பு'. மழையால் பந்தாட்டம் நின்றுபோனால் 'மலைமகளிரின் மாண்பு'. மகளிர் தினத்துக்கு, மண்வள தினத்துக்கு, யாராவது பெரிய மனிதர் இறந்து சினிமாப் பாட்டுப் போடக்கூடாது என்றால் அதற்கும் அதே படம். பேய் பிசாசுக்காவது அமாவாசை, உச்சிவேளை என்று ஒரு கணக்கு உண்டு. நிலையத்துக்கு அந்தக் கணக்கும் கிடையாது. அத்தாயி எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியாது. அடை சுட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து, "உங்கூட்டம்மா வந்திருக்குதுங்க" என்று குரல் கேட்கும். அர்த்தனாரி அடையைக் கல்லிலேயே விட்டுவிட்டு ஓடுவார்.

முதலில் ஆறுதலாக இருந்தது. நாய்தான் முதலில் தப்பைக் கண்டுபிடித்தது. திரையில் முகத்தைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் போகும். அவள் வாயைத் திறந்து அந்தக் குரல் வந்ததும் வாலை இடுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். கூப்பிட்டாலும் வராது.

அதற்குப் பிறகு அர்த்தனாரிக்கு ஆரம்பித்தது. அத்தாயி அவரை 'ஏனுங்க' என்று கூப்பிடுவாள். அந்த மலையில் எல்லாப் பெண்களும் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவளுடையதில் ஒரு இழுப்பு உண்டு. கோபம் என்றால் ஒரு மாதிரி, மிளகுக்கொடியில் ஏறி நிற்கிறவரைச் சோற்றுக்குக் கூப்பிட்டால் வேறு மாதிரி. ஒருநாள் அடுப்படியில் நின்று அதை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. நிலையத்து அம்மாதான் செய்தி வாசிப்பது போல, "ஏனுங்க" என்றாள். அர்த்தனாரி கண்ணை மூடிக்கொண்டார். திரும்பத் திரும்ப முயன்றார். திரும்பத் திரும்ப அந்த அம்மாவே வந்தாள்.

அப்புறம் கனவிலும் அத்தாயி அந்தக் குரலிலேயே பேச ஆரம்பித்தாள். அடுப்புப் புகைக்குள்ளிருந்து எழுந்து வந்து, "வணக்கம், இன்றைய நிகழ்ச்சியில் நாம் காணவிருப்பது" என்றாள். மிளகு விற்கக் கீழே போனபோது பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியிலிருந்து அத்தாயி, பயணிகள் தங்கள் உடைமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டாள். அர்த்தனாரி மூட்டையை அப்படியே போட்டுவிட்டுக் கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அதே அம்மாதான் அங்கேயும் பேசிக் கொடுத்திருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய.

மகள் இளமதியை அதே மலையில் திண்ணனூர் நாட்டில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, அந்த டிவியக் கழட்டிக் கட்டி வெச்சிரலாமுங்க" என்றாள்.

"மொகமும் போயிருமே கண்ணு."

"போன்ல அம்மா பேசுனது ஒண்ணுகூட இல்லீங்களா?"

இல்லை. பொத்தான் அமுக்குகிற போன். அத்தாயி அதில் எதிர்மலைக்குக் கேட்கிற மாதிரி கத்துவாளே தவிர, அதை யாரும் பதிந்து வைக்கவில்லை. கூடவே இருக்கிறவளின் குரலை யார் பதிந்து வைப்பார்கள். அவள் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருந்தால் அது நிலையத்தில்தான் இருக்கவேண்டும். அதுவும் மறைந்துவிட்டால் தன் பெண்டாட்டி எப்படிப் பேசினாள் என்றே தெரியாமல் தானும் செத்துப்போவோம் என்ற பயம் அர்த்தனாரியைப் பிடித்துக்கொண்டது. செம்மேட்டில் முதல் பஸ் ஏறினார்.

நிலையத்தின் நடைக்கூடம் முழுக்கச் சுவரில் டிவிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றில் மீன்காரம்மா, ஒன்றில் தேயிலை பறிக்கிற பெண், ஒன்றில் நெசவாளி, ஒன்றில் குழந்தைகள் நிகழ்ச்சிக்கான ஆட்டுக்குட்டி. எல்லார் வாயும் ஆடியது. பெண்களுக்கெல்லாம் ஒரே குரல், ஆண்களுக்கெல்லாம் ஒரே குரல், ஆட்டுக்குட்டி பெண் கணக்கில் சேர்த்தி. அர்த்தனாரி அந்தக் கூடத்தைக் கடக்கும்போது பெட்டிகளுக்குள் அடைபட்டவர்கள் எல்லாரும் கண்ணாலேயே தன்னிடம் ஏதோ சொல்லப் பார்ப்பது போல அவருக்குத் தோன்றியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சதீஷ்குமார் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அன்றைக்குத் துண்டின் நிறத்தைச் சந்தேகப்பட்ட அதே ஆள்தான்.

"சொல்லுங்க ஐயா. நீங்க எந்தத் திட்டத்தோட பயனாளி?"

"திட்டமெல்லாம் இல்லீங்க. என்ற சம்சாரம் பேசுனத ஒருக்காக் கேக்கணுமுங்க."

சதீஷ்குமாருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நிலைய இயக்குநர் தனபாலிடம் அழைத்துப் போனார். தனபால் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஐயா, இது தனியார் சேனல் இல்ல. மக்களின் குரலா ஒலிக்கிறதுதான் நம்ம நிலையத்தோட குறிக்கோள். மக்களே பேச ஆரம்பிச்சுட்டா அப்புறம் நாங்க எதுக்கு?"

அர்த்தனாரி யோசித்துப் பார்த்தார். அதற்குள் தனபாலே தொடர்ந்தார்.

"உங்க மனைவி பேசினது வட்டார வழக்கு. பக்கத்து மாவட்டத்துக்காரங்களுக்குப் புரியாது."

"பக்கத்து மாவட்டத்துலதானுங்க எங்க சொந்தக்காரங்க ஊடு. நல்லாத்தான் பேசிக்குவாங்க."

"அது நேர்ல. டிவியில புரியாது." தனபால் குரலைக் கனிவாக்கிக்கொண்டார். "நாங்க அந்தம்மாவை மேம்படுத்தியிருக்கோம் ஐயா. இருந்தப்போ அவங்க பேசினது உங்க ஊருக்குக் கேட்டது. இப்போ மாநிலத்துக்கே கேக்குது. இன்னும் எத்தனை வருஷம் ஆனாலும் கேக்கும். இந்தக் கொடுப்பினை யாருக்குக் கிடைக்கும்?"

"அவ பேசுனத அழிச்சுப்புட்டீங்களா?"

தனபால் பதறிப்போனார். "அரசாங்கச் சொத்தை அழிக்க எங்களுக்கு ஏது அதிகாரம்? அழிக்கல. அடியில அமுக்கித்தான் வெச்சிருக்கோம்."

"அப்பக் கொஞ்சம் தூக்கி உடுங்க சாமி. கேட்டுட்டுப் போயர்றேன்."

"தனிப்பட்ட துக்கத்துக்காகத் திறக்க விதி இல்ல. நிகழ்ச்சித் தேவைன்னா திறக்கலாம்."

அப்போது சதீஷ்குமார் மெதுவாக, "சார், இதையே நிகழ்ச்சியாப் பண்ணிட்டா?" என்றார். தனபாலின் முகம் பளிச்சென்று ஆயிற்று. மலை இருக்கிறது, சிறுதானியம் இருக்கிறது, இப்போது துக்கமும் சேர்ந்திருக்கிறது. மனைவியின் குரலைத் தேடும் விவசாயி. ஒலிப்பதிவைத் திறக்க அங்கேயே உத்தரவு போட்டார். ஒளிபரப்பில் கேட்டுக்கொள்ளலாம், அதுவரை பொறுங்கள் என்று அர்த்தனாரியின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

வெளியே வரும்போது நடைக்கூடத்தில் ஒரு பெண் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோறு தின்றுகொண்டிருந்தாள். வழி தெரியாமல் நின்றவரைப் பார்த்து, "யாரைப் பார்க்கணும் ஐயா?" என்றாள்.

அர்த்தனாரி சுவரைப் பிடித்துக்கொண்டார். சாமைக் கதிரோடு வந்து நிற்கிற குரல். கனவில் வருகிற குரல்.

"கொஞ்சம் பேசாம இரு கண்ணு," என்றார்.

அவள் பெயர் அருள்மொழி. அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு டப்பாவை மூடினாள். அதன் பிறகு அவரிடம் குசுகுசுவென்றுதான் பேசினாள். குசுகுசுப்பில் குரல் இல்லாததால் அர்த்தனாரிக்குக் கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது.

"எனக்கு ராசிபுரம் பக்கமுங்க. எங்கம்மாவுக்குப் போன் போட்டா, 'ஆருங்க மேடம்'னு கேக்குது. நாந்தாம்மான்னு சொன்னா நம்ப மாட்டீங்குது. நம்மூருப் பேச்சு எனக்கு இப்பக் குசுகுசுன்னு பேசுனாத்தான் வருதுங்க."

"என்ற சம்சாரம் பேசுனத நீ கேட்டிருக்கறயா கண்ணு?"

"கேட்டுட்டுத்தானுங்க மேல பேசணும். வாயசைவு பாக்கோணுமில்ல."

"என்ன சொன்னா? என்னப் பாத்து என்னமோ சொன்னா. அது நெனப்பிருக்குது. என்னன்னு நெனப்பில்ல."

அருள்மொழி வாயைத் திறந்தாள். திரும்ப மூடிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"நாஞ் சொன்னா என்ற கொரல்லதானுங்களே வரும்," என்றாள். "வேண்டாமுங்க."

மாசி மாதத்தில் ஜீப் மலையேறி வந்தது. தனபாலும் வந்திருந்தார். காட்டின் நடுவே குத்துவிளக்கு வைத்தார்கள். காற்றில் அது எரிய மறுத்ததால் எரிந்ததாக வைத்துக்கொண்டு கைதட்டினார்கள். துக்கம் என்பது சமூகத்தின் வளர்ச்சிக்கு எவ்வாறு பயன்படுகிறது என்று தனபால் மிளகுக்கொடிகளைப் பார்த்துப் பேசினார். அத்தாயிக்குப் படம் எதுவும் இல்லை என்றதும், நிலையத்தார் தங்கள் ஆவணப்படத்திலிருந்தே ஒரு காட்சியை நிறுத்திப் பிடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் காது இருக்கவேண்டிய இடத்தில் நிலையத்தின் சின்னம் இருந்தது. அதற்கு மாலை போட்டு அர்த்தனாரியைக் கும்பிடச் சொன்னார்கள். யாரைக் கும்பிடுகிறோம் என்று தெளிவில்லாமல் அவர் கும்பிட்டார்.

இந்தத் தடவை ஊரில் கதிரே இல்லை. சதீஷ்குமார் முன்யோசனையோடு ஜீப்பில் கொண்டுவந்திருந்தார். இறக்கிப் பார்த்தால் சாமை இல்லை, கம்பங்கதிர். "டிவியில தெரியாதுங்க ஐயா," என்றார். துண்டையும் மாற்றச் சொன்னார். எந்தக் கட்சிக்கும் இல்லாத ஒரு நிறத்தில் துண்டு தயாராக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு, குச்சியில் கட்டிய கம்பை அறுத்துக்கொண்டு, அழவேண்டும். அர்த்தனாரிக்குச் சொன்னால் அழுகிற பழக்கம் இல்லை. வெயில் போகிறது என்று அவசரப்படுத்தினார்கள்.

"ஐயா, அம்மாவைப் பத்தி இயல்பாச் சொல்லுங்க," என்றார் சதீஷ்குமார்.

அர்த்தனாரி பலாமரத்தைப் பார்த்தார். அன்றைக்குத் தான் நின்ற இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் பேச்சு வந்துவிட்டது.

"என்னத்தச் சொல்றதுங்க. அவ செத்துட்டா, அதத் தாங்கிக்கிட்டேன். இப்ப அவ கொரலும் போயிருச்சு. நெனச்சா நெனப்புல வேற ஆரோ பேசறாங்க. ராத்திரி படுத்தாப் பயமா இருக்குதுங்க, என்ற பொண்டாட்டிய நெனைக்கவே பயமா இருக்குது. நீங்க எடுத்துக்கிட்டுப் போனதத்தான கேக்கறேன். ஒருக்காக் குடுத்துருங்க, சாமி."

கண்ணீர் தானாக வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"அருமை," என்றார் சதீஷ்குமார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அர்த்தனாரி அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். அத்தாயி பேசியபோதும் இதையேதான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு. மஞ்சுமூட்டம் இறங்கி வாசல்வரை வந்து நின்றது. இளமதி பிள்ளைகளோடு வந்திருந்தாள். ஊரே அந்தச் சின்ன வீட்டுக்குள் நெருக்கி உட்கார்ந்திருந்தது. அர்த்தனாரி தன் பழைய துண்டைப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார்.

திரையில் தலைப்பு வந்தது: 'இல்லற வாழ்வில் சிறுதானியத்தின் பங்கு.'

பிறகு அர்த்தனாரி வந்தார். வாயைத் திறந்தார். "என்னத்த" என்று ஒரு சொல் கேட்டது. அதற்குமேல், நிலையத்து ஆண்குரல் கணீரென்று தொடர்ந்தது. "எனது துணைவியாரின் மறைவுக்குப் பின்னரும் கம்பு சாகுபடியில் நான் கண்ட மகசூல் மனநிறைவை அளிக்கிறது. வழிகாட்டிய வளர்கல்வித் தொலைக்காட்சிக்கு எமது நெஞ்சார்ந்த நன்றி." திரையில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்றே யாருக்கும் தோன்றும்.

நாய் திரையைப் பார்த்தது. திரும்பி அர்த்தனாரியைப் பார்த்தது. எழுந்து வாசலுக்குப் போய் மஞ்சில் மறைந்துவிட்டது.

"நானுஞ் செத்துட்டனா கண்ணு?" என்றார் அர்த்தனாரி. நிஜமாகத்தான் கேட்டார். இளமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்துத் தனபால் வந்து நெடுநேரம் பேசினார். அந்தப் படத்தில் அவர் குரல் மட்டும் அவருடையதாகவே இருந்தது. பேச்சின் முடிவில், மறைந்த அம்மையாரின் குரலை இப்போது கேட்போம் என்றார். பழைய காட்சி வந்தது.

இந்த இடத்தில் நடந்ததைப் பற்றி நிலையத்தில் பின்னால் பெரிய விசாரணை வைத்தார்கள். நிகழ்ச்சித் தேவைக்கென்று திறந்த ஒலியை யாரும் திரும்ப அமுக்கவில்லை. அதன்மேல் வழக்கம்போலப் பேசியிருக்கவேண்டிய அருள்மொழி, தொண்டை கட்டிக்கொண்டதால் அந்த இடத்தில் மட்டும் வாயைத் திறக்க முடியாமல் போயிற்று என்று குசுகுசுப்பில் வாக்குமூலம் கொடுத்தாள். யாராவது முன்னதாக ஒருதடவை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் தங்கள் நிகழ்ச்சியைப் பார்க்கிற பழக்கம் நிலையத்தில் ஒருவருக்கும் கிடையாது.

திரையில் அத்தாயி கதிரோடு நின்றாள். புதுச்சேலை. மூக்குத்தி. முதலில் காற்றுச் சத்தம் கேட்டது. எங்கோ கோழி கொக்கரித்தது. அத்தாயி கேமராவைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி, பலாமரத்தடியைப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள்.

வாசல் மஞ்சுக்குள்ளிருந்து நாய் பாய்ந்து வந்து பெட்டியின் முன்னால் நின்று வாலைச் சுழற்றியது.

"ஏனுங்க, இவிங்க எந்நேரத்துக்குத்தான் போவாங்க? அறுத்த கதிர நட்டு வெச்சு மறுக்கா அறுக்கச் சொல்றாங்க, கிறுக்குப் புடிச்சவிங்களாட்ட. அங்க அடுப்புல களி அடிப்புடிச்சுக் காந்துது. நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லி அனுப்பி உடுங்க."

அந்த இழுப்பு. பாதி கோபம், பாதி சிரிப்பு. அர்த்தனாரியின் உடம்பில் எங்கெங்கோ அடைத்துக் கிடந்தது எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. ஆமாம், இப்படித்தான். இப்படித்தான் கூப்பிடுவாள்.

சட்டென்று திரை நீலமாயிற்று. புல்லாங்குழல் இசை வந்தது. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எழுத்து வந்து நின்றது. நிலையத்தார் யாரும் அதில் இல்லை. தனபால் இல்லை, கம்பு இல்லை, அச்சாணி இல்லை.

அர்த்தனாரி குனிந்து, பெட்டியின் பக்கத்தில் வாயை வைத்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"போயிட்டாங்க, அத்தாயி."